உத்தர்பாராவின் மூத்த பிள்ளை

அம்பாசிடரை நம் நாட்டு வண்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது கருவான ஊர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலி. அங்கே மோரிஸ் நிறுவனம் 1956இல் கொண்டுவந்த ‘மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3’தான் அது. மூன்றே வருடத்தில், 1959இல், அங்கே அதன் உற்பத்தி நின்றது. இங்கே 2014 வரை நிற்கவில்லை.

இங்கே கொண்டுவந்தவர் பி.எம். பிர்லா. 1942இல் அவர் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் வண்டி பூட்டியது. 1948இல் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவுக்கு மாறியது. மோரிஸ் வண்டிகளுக்கெல்லாம் இங்கே வேறு பெயர் வைத்தார்கள். மோரிஸ் டென், ‘ஹிந்துஸ்தான் 10’ ஆனது. ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 2, ‘லேண்ட்மாஸ்டர்’ ஆனது. 1950களின் கடைசியில் சீரிஸ் 3 வந்தபோது வைத்த பெயர் அம்பாசிடர்.

வெகு சீக்கிரத்திலேயே 1489 சிசி எஞ்சின் அதில் ஏறியது. பல தலைமுறை மெக்கானிக்குகளுக்கு அதுதான் பாடப்புத்தகம். ஸ்டியரிங் தண்டிலேயே கை கியர். தரையில் கியர் கம்பி இல்லாததால் முன்பக்கம் ஒரே நீள சீட், தாராளமாக மூன்று பேர். பின்னால் பட்டை ஸ்பிரிங். குண்டும் குழியுமான மண்சாலையில் ஆறேழு பேரையும் மூட்டைகளையும் சுமந்தபடி அசைந்து அசைந்து போய்ச் சேரும். பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒரு ஸ்பேனர் பெட்டியோடு புளியமர நிழலில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடலாம்.

இவ்வளவு காலம் மாறாமல் இருந்ததற்குக் காரணம் அந்த உறுதி மட்டுமல்ல. இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த நாட்டில் அம்பாசிடரை விட்டால் ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்க ஆள் இருக்கும்போது எந்தக் கம்பெனி வண்டியைத் திருத்தும்? அதில் நஷ்டப்பட்டவர்கள் வாங்கியவர்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் இந்த நிலை ஆட்டம் கண்டது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் நம் திருவள்ளூரில் இன்னொரு பிள்ளையைப் பெற்றது: மிட்சுபிஷி லான்சர். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நாற்பது வருட வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லான்சரின் பெட்ரோல் எஞ்சினும் கிட்டத்தட்ட அதே அளவு, 1.5 லிட்டர்தான். ஆனால் 1489 சிசி அம்பாசிடர் ஐம்பது சொச்சம் குதிரைத்திறன் தர, லான்சர் எண்பதைத் தாண்டித் தந்தது. பவர் ஸ்டியரிங், முன்சக்கர இழுவை, பின்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். வளைவில் அம்பாசிடர் சாயும் இடத்தில் லான்சர் தரையைக் கவ்விக்கொண்டு போகும். ஓட்டுகிற சுகத்தில் இரண்டுக்கும் போட்டியே இல்லை, லான்சர்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானில் 2000இலேயே அடுத்த தலைமுறை லான்சர் வந்துவிட்டது. திருவள்ளூரிலிருந்து பழைய உருவம் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. மூத்ததற்கு நேர்ந்ததுதான் இளையதற்கும் நேர்ந்தது. ஆனால் அதற்குள் கடைகளில் வேறு வண்டிகள் வரிசைகட்டி நின்றன, யாரும் காத்திருக்கவில்லை. மண்ணோடு ஒட்டுவதற்கு அம்பாசிடருக்குக் கிடைத்த அரை நூற்றாண்டு லான்சருக்குக் கிடைக்கவில்லை.

2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் வேலை நின்றது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. உங்கள் ஊர்ப் பட்டறை ஓரத்தில் கை கியர் வண்டி ஒன்று துருப்பிடித்து நின்றால், உடைத்து எடைக்குப் போட விடாதீர்கள். அதைத் திரும்ப ஓடவைக்கத் தெரிந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன.