பிக்கப் வண்டியில் புதுசா ஒரு 'டொக் டொக்'... இன்ஜினை இறக்கணுமா, ஒரு வாஷர் போதுமா?

தக்காளி லோடு ஏத்தியாச்சு. விடியறதுக்குள்ள மார்க்கெட் போய்ச் சேரணும். சாவியைத் திருப்பினா, நேற்றுவரை இல்லாத ஒரு சத்தம். 'டொக்... டொக்... டொக்.' பாட்டு வால்யூமை ஏத்திவெச்சு அன்னிக்கு ஓட்டிடலாம்தான். ஆனா, மறுநாள் மெக்கானிக் கடையில் 'இன்ஜினை இறக்கணும் தம்பி'ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா, அந்த மாச இஎம்ஐ என்ன ஆகும்?

டீசல் இன்ஜினில் இதுதான் சிக்கல். கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும் இரண்டு சத்தங்களில் ஒன்று, ஒரு காப்பர் வாஷரை மாற்றினால் அடங்கிவிடும். இன்னொன்று இன்ஜினையே பிரிக்க வைக்கும். அதனால சத்தம் எப்படி இருக்குங்கிறதைவிட, எப்போ வருது, எதைச் செஞ்சா மாறுதுன்னு பாருங்க. பாதி விடை அதிலேயே இருக்கு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கலாம். டீசல் இன்ஜின் பிறவியிலேயே சத்தக்காரன். இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். பீய்ச்சுவதற்கும் பற்றுவதற்கும் நடுவில் ஒரு துளி நேரம் தாமதம் ஆகும். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமா வெடிக்கிறப்ப வர்றதுதான் அந்தக் 'கடகட'. இன்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் கூடும், சத்தமும் கூடும். காலையில் கத்திவிட்டு, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு வண்டியோட ஒப்பிட்டும் குழம்பாதீங்க. 2005-ல் வந்த டாடா ஏஸ் டீசலுக்கு 2 சிலிண்டர்தான், ஐடிலில் அது குலுங்கத்தான் செய்யும். தோஸ்த்துக்கு 3, பொலிரோ பிக்கப்புக்கு 4. உங்க வண்டியை அதோட நேற்றைய சத்தத்தோட மட்டும் ஒப்பிடுங்க.

பானெட்டைத் திறக்கும் முன் டிப்ஸ்டிக்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அஞ்சு நிமிஷம் கழித்து ஆயில் அளவைப் பாருங்க. காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் பலரும் கடைசியா செய்றாங்க. ஆயில் குறைந்திருந்தால் சத்தத்துக்கான காரணம் அதுவாகவே இருக்கலாம். ஸ்டிக்கைத் துடைத்த துணியில் மினுமினுன்னு உலோகத்தூள் தெரிந்தால், உள்ளே ஏதோ தேய்கிறது.

ஓடும்போது சிவப்பு ஆயில் லைட் எரிந்து, கூடவே அடியிலிருந்து கனமான 'டொக் டொக்' வந்தால் அங்கேயே ஓரங்கட்டி அணைச்சிடுங்க. 'அடுத்த ஊர் வரைக்கும்' என்ற பேச்சே வேண்டாம். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். அது போனால் இரும்போடு இரும்பு உரசும். சில நிமிடங்களில் பேரிங் பிடித்துக்கொள்ளலாம், கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கையே துளைக்கலாம். லோடை வேறு வண்டியில் மாற்றிவிட்டு, இதைக் கட்டி இழுத்துப் போவதுதான் மிச்சம். லைட் எரியாவிட்டாலும், இன்ஜின் சூடாகச் சூடாக இந்தச் சத்தம் கூடினால் ஆயில் பிரஷரை கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. சூட்டில் ஆயில் இளகும், தேய்ந்த பேரிங் அப்போதான் பேசும்.

சத்தம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா? நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டாப்பெட் கவர் மேல் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் ஒட்டி வைத்துக் கேளுங்க. பழைய மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப் இது. கழுத்தில் துண்டு இருந்தா முதலில் கழட்டிடுங்க. ஃபேனும் பெல்ட்டும் பக்கத்திலேயே சுற்றும்.

வேகமும் ஒரு துப்பு. 800 ஆர்பிஎம் ஐடிலில் கிராங்க் நொடிக்குப் பதிமூன்று முறை சுற்றும். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதிதான். ஒவ்வொரு நாசிலும் அதே பாதி வேகத்தில்தான் பீய்ச்சும். மேலிருந்து, கொஞ்சம் நிதானமான 'டிக் டிக்' என்றால் டாப்பெட் இடைவெளி அல்லது நாசில் பக்கம் சந்தேகப்படலாம்.

நாசிலா? கையை வைக்காதீங்க!

டீசல் பிக்கப்பில் 'இன்ஜின் போச்சு'ன்னு பயமுறுத்தும் சத்தங்களில் பல, நாசில் வேலையில் முடிந்துபோகும். நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகினால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் சுத்தியால் அடிப்பதுபோல் கேட்கும், புகையும் வரும். அடியில் இருக்கும் காப்பர் வாஷர் தளர்ந்தால் 'சஃப் சஃப்'னு காற்று கசியும். நாசிலைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருக்கும். அங்கே சோப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்க. குமிழி வந்தால் ஆளைப் பிடிச்சாச்சு!

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. ஆனா, காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். காமன் ரெயில் பைப்பில் அது 1,600 பாரைத் தொடும். அங்கிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. கசிவு எங்கேன்னு விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. ஸ்கேனர் இருக்கும் கடையில் ஒவ்வொரு சிலிண்டராக அணைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

புது பங்க்கில் டீசல் போட்ட மறுநாளே சத்தம் வந்ததா? நாசிலைக் கழட்டும் முன் ஃபில்டரில் இருக்கும் தண்ணீரை வடித்துப் பாருங்க. பிஎஸ்-6 டீசலுக்கு சீட்டேன் எண் குறைந்தபட்சம் 51 இருக்கணும். கலப்படத்தில் அது குறைந்தால், பற்றிக்கொள்ளும் தாமதம் கூடி இன்ஜின் இடிக்கும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்னச் சோதனைகள். 'கீச்' என்றால் பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்க, சத்தம் சட்டென மாறினால் பெல்ட்தான். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது 'உஸ்' சத்தம், இழுவை இல்லை, கறும்புகை என்றால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் கழன்றிருக்கலாம். நியூட்ரலில் கிளட்ச்சை மிதிங்க. மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் பக்கம். இரண்டுக்கும் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. வண்டி உருளும்போது மட்டும் சத்தம் வந்தால், ஜாயின்ட் கிராஸையும் சென்டர் பேரிங்கையும் பாருங்க. சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கியையும்! சிரிக்காதீங்க, இன்ஜின் சத்தம்னு கடைக்கு வரும் வண்டிகளில் அதுவும் உண்டு.

கடைக்குப் போகும் முன் போனில் ரெக்கார்டு பண்ணிக்கோங்க. கால் போட்டுக் கேட்கவைக்க வேண்டாம், போன் இரைச்சல்னு நினைச்சு அந்தச் சத்தத்தையே வடிகட்டிடும். குளிர்ந்த ஸ்டார்ட் ஒன்று, சூடானபின் ஒன்று, ஆக்ஸிலரேட்டரை மெதுவா ஏத்தி இறக்கி ஒன்று. கனமான அடிச்சத்தம் போன் ஸ்பீக்கரில் குறைவாகத்தான் கேட்கும், அதனால் ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்க. மெக்கானிக்கிடம் 'பேரிங் போச்சுண்ணே'ன்னு நீங்களே தீர்ப்பு சொல்லாம, 'சூடானதும் வருது, ஏத்தத்துல கூடுது, கிளட்ச் மிதிச்சா மாறலை'ன்னு மட்டும் சொல்லுங்க.

அப்பவும் 'இறக்கித்தான் ஆகணும்'னு சொன்னால், ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டியது, ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தீங்களா என்று கேளுங்க. மடிப்புகளுக்குள் பளபளன்னு உலோகச் செதில் இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கு. பிரஷர் சரியா இருந்து, ஃபில்டரும் சுத்தமா இருந்தால், வண்டியைக் கொடுக்கும் முன் இன்னொரு மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிடுங்க.