நாணனும் காடனும்

திருப்பதிக்குக் கிழக்கே, பொன்முகலி ஆற்றங்கரையில் உள்ளது காளத்தி. அவ்வாற்றை இன்று சுவர்ணமுகி என்பர். 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்த அவ்வூர், 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. அங்கே கோயிலை அடுத்துக் கண்ணப்பர் மலை நிற்கிறது. இறைவனுக்குக் கண்ணை ஈந்த வேடர் கதையை அறியாத தமிழர் அரியர். அவருடன் அம்மலைக்கு வந்த நாணனையும், அடிவாரத்தில் நின்ற காடனையும் நினைப்பவரோ மிகச் சிலர்.

தமிழ்ப் புனைகதையில் மாந்தர் படைப்பைப் பேசுவோர் 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலிருந்து தொடங்குவர். கதை மாந்தரைத் தட்டையானவர், முழுமையானவர் என 1927இல் வகுத்த ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். பார்ஸ்டரையும் துணைக்கு அழைப்பர். தவறில்லை. ஆயினும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இக்கலையில் எய்திய உயரத்தையும் அவர்கள் காண வேண்டும்.

சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் கண்ணப்பரைப் பெயர் சுட்டி வணங்கினார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் அவர் செயலைச் சொன்னார். சேக்கிழார் அதனை நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட பாடல்களாக விரித்தார். அவ்விரிவில் வருணனைக்கு உரிய பங்கு உண்டு; ஆனால் கதையை நகர்த்துவோர் சிறு மாந்தரே.

முதல் வேட்டையில் ஒரு பன்றி தப்பி ஓடுகிறது. துரத்தும் திண்ணனாரைப் பின்தொடர வல்லவர் இவ்விருவர் மட்டுமே. பன்றி வீழ்ந்ததும் பசிக்கிறது என்கின்றனர். தண்ணீர் எங்கே எனத் திண்ணனார் வினவ, தேக்கு மரத்துக்கு அப்பால் மலையருகே ஆறு ஓடுகிறது என்கிறான் நாணன். பசியும் தாகமுமாகிய எளிய தேவைகளே தலைவனை மலையின் முன் நிறுத்துகின்றன! மலையில் குடுமித்தேவர் இருக்கிறார், கும்பிடலாம் என்பவனும் நாணனே. தீக்கடைந்து வைக்கக் காடன் கீழே நிற்கிறான்.

மேலே நடப்பது இன்னும் நுட்பமானது. இறைவன்மேல் நீரும் இலையும் பூவும் கண்ட திண்ணனார், இதைச் செய்தவர் யார் என்கிறார். முன்பு உன் தந்தையோடு வேட்டைக்கு வந்தபோது ஒரு பார்ப்பான் நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவூட்டக் கண்டேன் என்கிறான் நாணன். சாத்திரம் அறியாதவனின் இந்நினைவுதான் திண்ணனாருக்குக் கிடைத்த ஒரே வழிபாட்டுப் பாடம். வாயில் நீர், தலையில் பூ, சுவைத்துத் தேர்ந்த இறைச்சி ஆகிய அனைத்தும் அதிலிருந்து பிறக்கின்றன.

அடிவாரத்தில் திண்ணனாரின் போக்கைக் கண்டு காடன் திகைக்கிறான். மரப்பொந்தைப் பற்றிக்கொண்ட உடும்புபோல இவன் தேவரை விடமாட்டான். நம் குலத் தலைமையை விட்டுவிட்டான் என்கிறான் நாணன். வேடனின் வாயில் உடும்பன்றி வேறு எந்த உவமை பொருந்தும்? பக்தியின் பெருமையைப் பாட வந்த புலவர், அப்பக்தியால் ஒரு குடி தன் தலைவனை இழப்பதையும் மறைக்கவில்லை. முதியவனான நாகன் ஊணும் உறக்கமும் இன்றித் தேவராட்டியுடன் ஓடிவந்து மகனை அழைக்கிறான், பயனின்றித் திரும்புகிறான். அடியார் புராணத்தில் ஒரு தந்தையின் தோல்விக்கு இடம் கொடுக்கத் துணிவு வேண்டும்.

சிவகோசரியாரையும் அவர் பகைவராக்கவில்லை. இறைச்சியைக் கண்டு அவர் பதறுவதும் அன்பினால்தான். எளிதில் வில்லனாக்கியிருக்கலாம், நம் திரைப்படத்தார் தயங்கியிருக்க மாட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் தூர்ஜடி என்னும் தெலுங்குக் கவிஞரும் காளத்தி மகிமையைப் பாடுகையில் இவ்வேடரின் கதையைச் சொன்னார். இருமொழியும் பழகிய சித்தூர்ப் பகுதித் தமிழர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க நல்ல வாய்ப்புடையவர்.

ஆறாம் நாள் கண்ணப்பர் கண்ணை அகழ்ந்தபோது மறைந்திருந்து கண்டவர் சிவகோசரியார். மலைக்கு வழிகாட்டிய நாணன் அங்கு இல்லை.