மாடு கவர்ந்த இருவர்



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், "கிரேக்க வீரனுக்குக் காவியம் இருக்கு, உங்க ஊர்ல மாடு ஓட்டிட்டுப் போனவனுக்கு என்னய்யா இருக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சரி, அந்த மாட்டையே பிடித்துக்கொள்கிறேன். (சிரிப்பு)

ஹோமரின் இலியத்தில் நெஸ்டர் என்று ஒரு கிழவர். பைலோஸ் நாட்டு அரசர். டிராய்ப் போருக்கு வந்த இடத்தில் தன் வாலிபக் கதையை அளக்கிறார். எலிஸ் நாட்டுக்குள் புகுந்தாராம், தடுத்தவனைக் கொன்றாராம், 50 மாட்டு மந்தை, அதே கணக்கில் ஆடும் பன்றியும், போதாததற்கு 150 குதிரை, அத்தனையும் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி வந்தாராம். நம்ம ஊர்த் திண்ணைத் தாத்தா தோற்றார் போங்கள்! (சிரிப்பு) நெஸ்டர் உயிரோடு திரும்பினார். தன் பெருமையைத் தானே சொன்னார். அதைப் பாட ஹோமரும் கிடைத்தார்.

இப்போ வைகைக் கரைக்கு வாங்க. ஆண்டிபட்டி வட்டம், புலிமான்கோம்பை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை. ஒன்றில் சில சொற்கள்தான். பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடலூர் ஆகோளில் மாண்டான், இது அவன் கல் என்று பொருள் சொல்கிறார்கள். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். தொல்காப்பியம் ஆளும் அதே சொல்!

அது நம்ம கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர்தானா? அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் கூடலூர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

"மராத்தானில் கி.மு. 490இல் மாண்ட 192 ஏதென்ஸ்காரர் பெயரையும் கல்லில் வெட்டினார்களே" என்று தோழர் எழுவார். வெட்டினார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். காலத்தில் இலியத் மூத்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மராத்தானில் பாரசீகப் படையை விரட்டிய ஒரு பெரிய நகரமே தன் பிள்ளைகளுக்குக் கல் நட்டது. இங்கே செத்தவன் மாட்டுச் சண்டையில் செத்தவன். கல்லில் எந்த ராஜா பெயரும் கிடையாது. அவன் பெயர், ஊர், செத்த சண்டை, அவ்வளவுதான். அதை வெட்ட அந்தக் கரட்டுக் காட்டில் எழுத்துத் தெரிந்த ஒருவன் இருந்தானே ஐயா! படிக்க யாருமில்லாத இடத்தில் எவன் மெனக்கெட்டு எழுத்தை வெட்டுவான்? (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியார் இதற்குப் பதில் சொல்லட்டும்.