பின்னோக்கி ஓடிய கார்கள்

1955-இல் இங்கிலாந்தில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் லைட்ஹில்லும் ஜெரால்ட் விதமும் எழுதிய அந்தக் கட்டுரை, நெரிசலான நீண்ட சாலைகளில் வாகனங்கள் ஓடும் விதத்தைப் பற்றியது. மற்றது புற்றுநோய் ஆய்விதழ் ஒன்றில் வந்தது. நுரையீரல் புற்றுக்கட்டிகளின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து அளந்து, தாம்லின்சனும் எல். எச். கிரேயும் எழுதியது. இவர்கள் எழுதியதை அவர்களோ அவர்கள் எழுதியதை இவர்களோ படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த இரண்டு கட்டுரைகளின் வாரிசுகளும் இன்று கணிதத் துறைகளில் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் நெடுஞ்சாலை நெரிசலையும் மாலையில் புற்று பரவுவதையும் கணிக்கிற ஆய்வாளர்கள்கூட உண்டு.

இரண்டுமே இயற்பியலிடம் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவை. சாலைக் கணக்கு ஆற்று வெள்ளத்திடம் வாங்கியது. புற்றுக் கணக்கு, வெப்பமும் வாயுவும் பரவுகிற விதியை வாங்கியது. வாங்கிய கணக்கு எந்த இடத்தில் உதைத்ததோ, அந்த இடத்தில்தான் இரண்டு துறைகளும் வளர்ந்தன. கார் தண்ணீர் அல்ல, செல் வாயு அல்ல என்பது தெரியவே பல பத்தாண்டுகள் பிடித்தன.

சாலையை எண்ணாக்கும் வேலை 1955-க்கு இருபது ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தொடங்கிவிட்டது. புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையோரத்தில் 16 மி.மீ. சினிமா கேமரா ஒன்றை நிறுத்தி, சீரான இடைவெளியில் படம் எடுத்தார். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரு கார் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் கிடைக்கும். எத்தனை கார் என்று எண்ணினால் அடர்த்தி கிடைக்கும். 1935-இல் அச்சேறிய அவருடைய முடிவு ஒரு நேர்க்கோடு. சாலை காலியாக இருந்தால் வேகம் மணிக்கு 46 மைல். கார்கள் கூடக்கூட அது சீராகக் குறைந்துகொண்டே வரும். மைலுக்கு 195 கார்கள் சேர்ந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,240 கார்களுக்கு மேல் போக முடியாது. அந்த உச்சமும் எல்லோரும் பறக்கும்போது வருவதில்லை. வேகம் பாதியாகி 23 மைலுக்கு இறங்கும்போதுதான் வருகிறது.

அந்தக் கோட்டைத் தாங்கி நின்றவை ஏழே புள்ளிகள். அவற்றில் நெரிசல் பக்கம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் வேறொரு சாலையில் எடுத்தது. இன்று ஒரு மாணவர் இப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுபோனால் வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார். ஆனாலும் உலகெங்கும் போக்குவரத்துப் பொறியியல் வகுப்புகளில் முதலில் பலகையில் ஏறுவது இன்றும் அந்தக் கோடுதான்.

லைட்ஹில்லும் விதமும் எழுதியது இரண்டு பாகம். முதல் பாகம் நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றியது. சாலை வந்தது இரண்டாம் பாகத்தில். அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை ஒன்றுதான்: சாலையின் ஒரு துண்டுக்குள் நுழைந்த காரில் வெளியே போனதைக் கழித்தால், மீதி உள்ளேதான் இருக்க வேண்டும். இதோடு அடர்த்திக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவைச் சேர்த்தபோது வியப்பான ஒன்று கிடைத்தது. கார்கள் முன்னால் போகின்றன; ஆனால் நெரிசல் பற்றிய செய்தி வேறொரு வேகத்தில் பயணம் செய்கிறது. கிரீன்ஷீல்ட்ஸின் கோட்டை வைத்துப் பார்த்தால், மைலுக்கு 97 கார்கள் வரை அந்தச் செய்தி முன்னோக்கிப் போகும். அதைத் தாண்டினால் பின்னோக்கித் திரும்பிவிடும். எங்கோ முன்னால் ஒருவர் பிரேக் போட்டிருப்பார். அவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகும், பின்னால் வருபவர்கள் அதே பிரேக்கை ஒருவர் பின் ஒருவராகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அடர்த்தி சட்டென்று எகிறும் இடத்தை விமான இயலில் அதிர்வலை என்பார்கள். லைட்ஹில்லுக்கு அது பழகிய சரக்கு. 1956-இல் அமெரிக்காவில் பால் ரிச்சர்ட்ஸ் தனியாக இதே முடிவுக்கு வந்ததால், மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்தே இந்தச் சமன்பாட்டை அழைக்கிறார்கள்.

லைட்ஹில் பின்னாளில் கேம்பிரிட்ஜில், ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த லுகேசியன் பேராசிரியர் பதவியில் இருந்தார். அவருக்குப் பின் அங்கே வந்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். லைட்ஹில் கடலில் நீந்துவதில் பித்துக்கொண்டவர். சார்க் தீவை நீந்தியே சுற்றி வருவார். 1998-இல், 74 வயதில், அப்படி ஒரு சுற்றின்போதுதான் இறந்தார்.

அமெரிக்காவில் சாலையைக் கணக்காக்கும் வேலை கார் கம்பெனிக்குள் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ராபர்ட் ஹெர்மன், பிரபஞ்சம் முழுக்க மங்கிய வெப்பக் கதிர்வீச்சு மிச்சம் இருக்கும் என்று 1948-இலேயே ரால்ஃப் ஆல்ஃபருடன் சேர்ந்து கணித்தவர். அவர் இரண்டு கார்களைக் கம்பியால் இணைத்தார். பின் காரில் ஒரு சுருளிருக்கும். இடைவெளி கூடினால் கம்பி நீளும், குறைந்தால் சுருண்டுகொள்ளும். முன்னால் போகிறவர் வேகத்தை மாற்றினால் பின்னால் வருகிறவர் எத்தனை நொடி கழித்து, எவ்வளவு அழுத்தமாக எதிர்வினை காட்டுகிறார் என்பது இப்படித்தான் அளவுக்கு வந்தது. அதே காலத்தில் நியூயார்க்கின் ஹாலண்ட் சுரங்கச் சாலையில் லெஸ்லி எடியும் ராபர்ட் ஃபூட்டும் ஒரு விபரீத சோதனை செய்தார்கள். நுழைவாயிலில் கார்களை நிறுத்தி, இடைவெளி விட்டுவிட்டு அனுப்பினார்கள். உள்ளே ஏற்றத்தில் கிளம்பும் பிரேக் அலை அந்த இடைவெளிகளில் அமுங்கிப்போனது. நிறுத்தி அனுப்பியபோது மொத்தத்தில் அதிக கார்கள் சுரங்கத்தைக் கடந்தன.

புற்றுக் கணக்கின் தொடக்கம் இதைவிடச் சிறிய தூரத்தில் இருக்கிறது. தாம்லின்சனும் கிரேயும் பார்த்த கட்டிகளில் செல்கள் உருண்டைத் தண்டுகளாக வளர்ந்திருந்தன. இரத்தக் குழாய்கள் தண்டுக்கு வெளியே. ஆரம் 160 மைக்ரானுக்குக் குறைவான தண்டுகளின் நடுவில் செத்த திசு இல்லை. 200 மைக்ரானைத் தாண்டிய எல்லாவற்றிலும் இருந்தது. திசுவுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்று காகிதத்தில் போட்ட கணக்கும் ஏறக்குறைய 150 மைக்ரான் என்றது. ஆக்சிஜன் குறைந்த செல்கள் கதிர்வீச்சுக்குச் சுலபமாக மசிவதில்லை என்பதால், மருத்துவர்களுக்கு இது ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. கதிர்வீச்சு அளவின் அலகுக்கு இன்று கிரே என்றே பெயர்.

ஆனால் இது கட்டி வளர்வதன் கணக்கு. அது அக்கம்பக்கத்துத் திசுவுக்குள் புகுவதன் கணக்குக்குத் தேவையான சமன்பாடு 1937-இலேயே தயாராகி, வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. லண்டனில் ரொனால்ட் ஃபிஷரும், மாஸ்கோவில் கோல்மொகோரோவ், பெத்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் மூவரும், சாதகமான ஒரு மரபணு ஒரு கூட்டத்தில் பரவும் வேகத்தை அந்த ஆண்டில் கண்டுபிடித்தார்கள். பெருகும் வீதத்தையும் பரவும் வீதத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டிப்பாக்கினால் அந்த வேகம் கிடைக்கும். 1951-இல் ஸ்கெல்லம் என்ற ஆங்கிலேயர் இந்த வழியை மஸ்க்ராட் என்ற நீரெலிக்குப் பொருத்திப் பார்த்தார். 1905-இல் பொஹீமியாவில் ஒரு நிலப்பிரபு விட்ட ஐந்தே நீரெலிகள் மத்திய ஐரோப்பாவை நிறைத்திருந்தன. அவை பிடித்த நிலப்பரப்பின் வர்க்கமூலத்தை ஆண்டுகளுக்கு எதிராகக் குறித்தால் நேர்க்கோடு வந்தது.

நீரெலியிலிருந்து மூளைக்கு இந்தக் கணக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின. கிளையோமா என்ற மூளைப்புற்று அறுவை மருத்துவர்களை நெடுங்காலம் ஏமாற்றிவந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் டாண்டி, சில நோயாளிகளுக்கு வலப்பக்க மூளை அரைக்கோளத்தை முழுவதுமாகவே எடுத்துவிட்டதை 1928-இல் அறிவித்தார். அதற்குப் பிறகும் புற்று திரும்பி வந்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மரியும் நரம்பு நோயியல் மருத்துவர் எல்ஸ்வொர்த் ஆல்வர்டும் 1990-களில் ஒரே ஒரு நோயாளியின் கடைசி ஓராண்டு சி.டி. ஸ்கேன்களை வைத்துக்கொண்டு ஃபிஷரின் சமன்பாட்டை எடுத்தார்கள். அதில் ஒரு குறை இருந்தது. மூளை எங்கும் ஒரே மாதிரி இல்லை. மரியின் மாணவி கிறிஸ்டின் ஸ்வான்சன் 2000-இல் வெளியிட்ட மாதிரியில், மூளையின் வெண்பொருளில் புற்றுசெல்கள் சாம்பல் பொருளைவிட ஐந்து மடங்கு எளிதாகப் பரவும் என்று எடுத்துக்கொண்டார். வர்க்கமூலம் இருப்பதால் அலையின் வேகம் ஐந்து மடங்காகாது. இரண்டே கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. கணினியில் மூளை வரைபடத்தின் மேல் இதை ஓடவிட்டபோது டாண்டியின் தோல்விக்குக் காரணம் தெரிந்தது. ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிற விளிம்புக்கு வெளியே, கருவி காட்டாத அடர்த்தியில், புற்று வெகுதூரம் போயிருக்கிறது.

பரவுவது மட்டும் போதாது, அண்டை வீட்டாரை அழிக்கவும் வேண்டும் என்றார்கள் ராபர்ட் கேட்டன்பியும் எட்வர்ட் காலின்ஸ்கியும். கேட்டன்பி கதிர்ப்பட மருத்துவர். 1996-இல் அவர்கள் எழுதிய மாதிரியில் மூன்று சமன்பாடுகள்: நல்ல திசு, புற்று, புற்று கக்கும் அமிலம். அமிலம் முன்னால் போய் நல்ல செல்களைக் கொல்லும். புற்று பின்னால் வந்து இடம் பிடிக்கும். அப்படியானால் சில கட்டிகளுக்கும் நல்ல திசுவுக்கும் நடுவில் செல்கள் குறைந்த ஒரு சந்து இருக்க வேண்டுமே? தலை, கழுத்துப் புற்றின் சீவல்களை எடுத்துப் பார்த்தார்கள். பலவற்றில் சந்து இருந்தது. சமன்பாடு முதலில் சொல்ல, நுண்ணோக்கி பிறகு காட்டியது. 2009-இல் எலிகளுக்குச் சமையல் சோடா கலந்த நீர் கொடுத்தபோது புற்று வேறிடங்களுக்குத் தாவுவது குறைந்ததாகவும் ஒரு ஆய்வு வந்தது. வாட்ஸ்அப் வைத்தியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாகிவிடவில்லை.

நிஜச் சாலைக்கோ நிஜத் திசுவுக்கோ இவற்றைக் கையால் தீர்க்க முடியாது. சாலையையோ திசுவையோ சிறு கட்டங்களாக வெட்டி, நேரத்தையும் துண்டாக்கிக் கணினியில் நகர்த்த வேண்டும். அதில் ஒரு விதி 1928-இலேயே, மின்னணுக் கணினி பிறப்பதற்கு முன்பே, ஜெர்மனியில் கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லேவி மூவர் எழுதிவைத்தது: ஒரு நேரத் துண்டில் செய்தி ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. சாலையை 100 மீட்டர் கட்டங்களாக வெட்டி, கார் நொடிக்கு 20 மீட்டர் ஓடினால், நேரத் துண்டு 5 நொடிக்கு மேல் போகக் கூடாது. மீறினால் எண்கள் வெடித்துவிடும். அடுத்த படியை வைத்தவர் மாஸ்கோ இளைஞர் செர்கேய் கொதுனோவ். அதிர்வலைகளைக் கணிக்க அவர் 1950-களில் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு கட்ட எல்லையிலும் இருபுறத்து அடர்த்தியை வைத்து ஒரு குட்டிக் கணக்கைத் துல்லியமாகத் தீர்ப்பதுதான் அந்த வழி. சாலையில் அந்தக் குட்டிக் கணக்குக்கு ஒரு முகம் உண்டு: இந்தப் பக்கம் நிற்கும் வரிசை, அந்தப் பக்கம் காலிச் சாலை, சிக்னல் பச்சையாகும் கணம். பெர்க்லியில் கார்லோஸ் டகன்சோ, அனுப்பும் கட்டம் எவ்வளவு தரும், வாங்கும் கட்டம் எவ்வளவு கொள்ளும் என்று யோசித்து 1994-இல் ஒரு எளிய முறை வகுத்தார். அதுவும் கொதுனோவின் முறையும் ஒன்றே என்பது பிறகு தெரியவந்தது.

டகன்சோதான் மறு ஆண்டு ஒரு குண்டையும் போட்டார். லைட்ஹில்-விதம் மாதிரியில், சீராக ஓடும் கார்களிடையே நெரிசல் தானாகப் பிறக்காது. நிஜத்தில் பிறக்கும். 2008-இல் வெளியான ஜப்பானியச் சோதனையில் 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்களைச் சீராக ஓடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் காரணமே இல்லாமல் நெரிசல் உருவாகி, மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. இந்தக் குறையைப் போக்க 1970-களிலேயே வேகத்துக்கென்று இரண்டாவது சமன்பாட்டைச் சேர்த்திருந்தார்கள். வாயு இயக்கவியலை அப்படியே எடுத்தாண்டது அது. வாயுத் துகளைப் பின்னாலிருப்பதும் தள்ளும், முன்னாலிருப்பதும் தள்ளும். ஓட்டுநர் பார்ப்பது முன்னால் மட்டும். வரிசையின் வால்பகுதியில் அந்தச் சமன்பாடுகள் கார்களைப் பின்னோக்கி ஓடச் செய்யும் என்று டகன்சோ காட்டினார். கட்டுரைத் தலைப்பிலேயே இந்த மாதிரிகளுக்கு இரங்கற்பா பாடினார். 2000-இல் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து ஆவும் ராஸ்க்லும் எழுதிய பதிலின் தலைப்பு உயிர்த்தெழுதல். அழுத்த மாற்றத்தைச் சாலையோரத்தில் நிற்பவர் கண்ணால் பார்க்காமல், ஓடும் காரில் இருப்பவர் கண்ணால் பார்த்தார்கள்; கார்கள் பின்னால் ஓடுவது நின்றது.

புற்றுக் கணக்கிலும் இதே அபத்தம் வேறு உருவில் வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் மார்க் சாப்லெய்ன் குழுவினர், புற்றுசெல்கள் ஒட்டிக்கொள்ளத் தோதான இழைகள் அதிகம் உள்ள பக்கம் ஊர்ந்து போவதையும் சமன்பாட்டில் சேர்த்தார்கள். அந்தச் சமன்பாடுகளில் புற்று வழவழப்பான அலையாக நகராது. உடைந்து ஊசிமுனைக் குவியல்களாகும். சாதாரணக் கணிப்புமுறை அந்த முனைகளின் ஓரத்தில் தடுமாறி, செல் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளிவிடும். பெருக்கத்தைக் குறிக்கும் உறுப்பு அந்த எதிர்மறை எண்ணையும் பெருக்கி, முடிவில்லாமல் கீழே இழுத்துக்கொண்டு போகும். மருந்து சாலைக்காரர்களின் அலமாரியில் இருந்தது: கொதுனோவ் வழியும், 1970-களில் வான் லீர் அதன் மேல் கட்டிய, சரிவை மட்டுப்படுத்தும் உத்திகளும்.

2006-இல் இரண்டு துறைகளும் ஒரே திருத்தத்தைத் தனித்தனியே செய்தன. ஒரு செல் தன் ஆரத்துக்குள் இருக்கும் எல்லா அண்டைச் செல்களையும் தொட்டுப் பார்க்கிறது என்று ஆம்ஸ்ட்ராங், பெயின்டர், ஷெராட் மூவரும் எழுதினார்கள். ஓட்டுநர் ஒரு புள்ளியைப் பார்ப்பதில்லை, முன்னால் ஒரு நீளத்தையே பார்க்கிறார் என்று சொபசாகிஸும் கட்சுலாகிஸும் எழுதினார்கள். இரண்டு இடத்திலும் ஒரு தொகையீடு வந்து சேர்ந்தது. செல்லுக்கு அது எல்லாப் பக்கமும் விரிகிறது. காருக்கு முன்பக்கம் மட்டும்.

முன்பக்கம் மட்டும் போதுமா என்ற கேள்வியை எழுப்பிய சாலைகளில் சென்னைச் சாலையும் ஒன்று. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே உள்ள மறைமலையடிகள் பாலத்தில் எடுத்த வீடியோவிலிருந்து ஒவ்வொரு வண்டியின் தடத்தையும் பிரித்தெடுத்த ஆய்வு 2015-இல் வெளியானது. இரு சக்கர வண்டிகள், ஆட்டோ, பஸ், கார் எல்லாம் தடக்கோட்டைப் பொருட்படுத்தாமல் ஓடும் அந்தப் பாலத்தில், முன்னால் போகும் வண்டி எது என்று சொல்வதே சிக்கல். பைக்காரர் இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள சந்தைப் பார்க்கிறார். பக்கவாட்டில் பஸ் நெருங்குவதையும் பார்க்கிறார். அதனால் இத்தகைய சாலைகளுக்கான மாதிரிகளில் ஒவ்வொரு வகை வண்டிக்கும் தனி அடர்த்தி வைக்கிறார்கள். சாலையின் அகலத்தையும் கட்டங்களாக வெட்டுகிறார்கள்.