வரிசையில் கரையும் நாள்கள்: வீட்டிலிருந்தே முடிக்கக்கூடிய வேலைகள்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காத்திருந்து, அலுவலக வாசலில் நின்று, "ஒரு ஜெராக்ஸ் குறையுது, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பினால் அன்றைய பொழுது முடிந்தது. கடை வைத்திருப்பவருக்கு அன்று கடை அடைப்பு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்று சம்பளம் இல்லை. ஒரு சான்றிதழுக்காக மூன்று நாள் அலைந்தால், சான்றிதழின் உண்மையான விலை அந்த மூன்று நாள் வருமானம்தான்.

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதனால் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பகுதி மக்களுக்கு ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்தது. ஆனால் பல வேலைகளுக்கு இன்று அந்தப் பயணமே தேவையில்லை. கையில் இருக்கும் செல்போனே போதும். இருந்தும் நம் குடும்பங்கள் அலைவது குறையவில்லை. எந்த வேலை இணையத்தில் முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து விண்ணப்பித்தாலும், ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விண்ணப்பம் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டாவது காரணத்தை முதலில் பார்ப்போம்.

பெயர் ஒன்றாக இருக்கிறதா?

நம் வீடுகளில் 'முஹம்மது' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். ஆதாரில் 'ஓ', பள்ளிச் சான்றில் 'யு'. ஒன்றில் ஒரு 'எம்', இன்னொன்றில் இரண்டு. பெண்களின் பெயரில் 'பேகம்', 'பீவி' ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது. இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், வேறொரு இடத்தில் தகப்பனாரின் முழுப் பெயராகவே இருக்கும்.

நேரில் போனால் அதிகாரி பார்த்துப் புரிந்துகொள்வார். கணினிக்கு அது வேறு ஆள். அதனால் எந்தத் தளத்தைத் திறப்பதற்கு முன்பும் ஒரு வேலை செய்வோம். வீட்டில் ஒவ்வொருவருடைய பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் ஆகியவற்றை ஒரே இடத்தில் விரித்து வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம்.

திருத்த வேண்டியிருந்தால் அவசரப்பட வேண்டாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். எந்த எழுத்துமுறையை நிலையாக வைத்துக்கொள்வது என்று குடும்பத்தில் முடிவு செய்த பிறகு ஆதாரைத் திருத்துவோம். பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள எழுத்தையே அடிப்படையாகக் கொள்வது நல்லது.

குழந்தையின் பெயர்

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். ஆனால் பெயர் சேர்ப்பது நம் பொறுப்பு. 12 மாதங்களுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அகீகா கொடுத்துப் பெயர் வைத்த கையோடு, அதே எழுத்தில் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டால் பின்னாளில் பெரிய அலைச்சல் மிச்சம்.

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் போன்ற பலவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றுதான். அதில் ஓர் எழுத்து பிழையானால், பிள்ளையின் எல்லா ஆவணங்களிலும் அது தொடரும்.

வருவாய்த் துறைச் சான்றுகள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வாரிசுச் சான்று ஆகிய அனைத்துக்கும் தமிழக அரசின் இ-சேவை தளத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் முறை நம் விவரங்களைப் பதிந்து ஓர் எண் பெற வேண்டும். அதன் பிறகு எல்லாச் சான்றுகளுக்கும் அதே எண்தான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாலுகா அலுவலகத்துக்குப் போகும். எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒப்புதல் ஆன சான்றை நாமே இறக்கி அச்செடுக்கலாம். தானாகச் செய்ய முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போனால் இத்தகைய சான்று ஒன்றுக்கு 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேட்போம்.

சாதிச் சான்றில் ஒரு கவனம் தேவை. 2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் வெறுமனே 'முஸ்லிம்' என்று எழுதினால் போதாது. பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் வர வேண்டும். கல்லூரிக் கலந்தாய்வு நெருங்கும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பார்கள். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே சாதிச் சான்றை வாங்கி வைத்துவிட்டால் அந்த நெருக்கடி நமக்கு இல்லை.

மதிப்பெண் பட்டியல்களுக்கு டிஜிலாக்கர் உதவும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல்களை அதில் எடுத்துக்கொள்ளலாம். துறைகள் அதில் நேரடியாக வழங்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே படம் எடுத்து ஏற்றிய ஆவணத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

நிலமும் வீடும்

கடற்கரைச் சாலையை ஒட்டி நிலத்தின் மதிப்பு ஏறிய பிறகு, மோசடியும் கூடவே ஏறியிருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது வருவாய்த் துறை தளத்தில் தெரியும். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஆனால் நம் குடும்பச் சொத்துகளில் இன்னொன்றும் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். முஸ்லிம் சட்டப்படி வாய்மொழியாகக் கொடுத்து, சுவாதீனமும் ஒப்படைத்த ஹிபா பதிவில்லாமலேயே செல்லும். அது வில்லங்கத்தில் தெரியாது. ஒருவர் இறந்ததும் மனைவிக்கும் மகள்களுக்கும் சேரும் பங்கும் அதில் தெரியாது. திரை காலியாக இருப்பதால் சொத்தில் சிக்கல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குடும்பப் பெரியவர்களிடம் விசாரிப்பது, வாரிசுச் சான்றைப் பார்ப்பது, வழக்கறிஞரிடம் காட்டுவது ஆகியவற்றை இணையம் மிச்சப்படுத்தித் தராது.

வாரத்தில் ஒரு மணி நேரம்

மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, வண்டிக் காப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை. இவற்றை நினைவில் வைத்துக்கொண்டே இருப்பதும் ஒரு சுமைதான். செல்போன் காலண்டரில் ஒருமுறை பதிந்து, கணவன் மனைவி இருவரும் பார்க்கும்படி பகிர்ந்துகொண்டால் அந்தச் சுமை இறங்கிவிடும். பாஸ்போர்ட் முடியும் தேதியையும் சேர்த்துக்கொள்வோம். ஹஜ் கமிட்டி விண்ணப்பம் இணையத்தில்தான். 2024 முதல் 'ஹஜ் சுவிதா' செயலியும் இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க ஓடினால் தாமதமாகிவிடும்.

ஆவணங்களைத் தெளிவாக ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு கோப்பாகப் பெயரிட்டு வைப்போம். தட்டச்சு வராதவர்கள் தமிழில் பேசினாலே செல்போன் எழுதித் தரும். இந்த வேலைகளுக்கெல்லாம் வாரத்தில் ஒரு மணி நேரம் குறித்துக்கொள்வோம். இஷாவுக்குப் பிறகோ, ஞாயிறு காலையிலோ உட்கார்ந்து முடித்துவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். கட்டணம் கட்டத் திறந்த போனில் இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்தால், வரிசையில் நின்றதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

ஓ.டி.பி. நம் கையில்

"இன்று இரவு கரண்ட் கட் ஆகும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்ற குறுஞ்செய்தியை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. வந்த லிங்கைத் தொடாமல், அரசுத் தளத்தை நாமே தேடித் திறப்போம். முகவரி அரசுக்கு உரிய முடிவோடு இருக்கிறதா என்று பார்ப்போம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கி நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஜமாஅத் செய்யக்கூடியது

எல்லா வீட்டிலும் படித்த பிள்ளை இல்லை. கணவன் வெளிநாட்டில், மாமியாருக்கு உடம்புக்கு முடியவில்லை, கைக்குழந்தையோடு தாலுகா அலுவலகத்துக்கு அலைகிற பெண்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம், கல்லூரி மாணவர் இருவர் ஒரு லேப்டாப்போடு பள்ளிவாசல் வளாகத்தில் உட்கார்ந்தால் போதும். பெண்களுக்கு மதரஸாவில் தனியாக ஒரு நேரம் வைத்து, மாணவிகளைக் கொண்டு செய்யலாம்.

அதற்கு இரண்டே கட்டுப்பாடுகள். ஓ.டி.பி.யை அவரவரே அடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர்களுடைய ஆவணங்களை அந்த லேப்டாப்பிலிருந்து அழித்துவிட வேண்டும். பிறர் ஆவணம் நம் கையில் இருக்கும் வரை அது அமானிதம்.

நேரமும் அமானிதம்தான். ஓர் அலைச்சல் குறைந்தால் ஒரு நாள் கூலி வீட்டுக்கு வரும். அந்த மாலை பிள்ளையின் பாடத்தைப் பார்க்கலாம், வயதான தாயாரோடு உட்கார்ந்து பேசலாம். இந்த வாரமே வீட்டு ஆவணங்களை எடுத்து விரித்துப் பெயர்களைச் சரிபார்ப்பதிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.