திமிசுக் கட்டையும் ஒரு வரிக் கணக்கும்

போன வாரம் ஓசூரில் எங்கள் தெருவில் ஒரு புது வீட்டுக்கு பேஸ்மென்ட் மண் நிரப்பினார்கள். ராம்மர் இயந்திரம் டபடபவென்று குதித்த சத்தத்தில் எனக்குத் திமிசுக் கட்டை நினைவு வந்தது. நீண்ட மரப்பிடி, அடியில் கனமான கட்டை அல்லது இரும்பு. தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணை இறுக்க வேண்டும்.

மூன்று மொழி பேசும் இந்த எல்லை ஊரில் அதற்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. தமிழில் திமிசு, தெலுங்கில் திம்மிச, கன்னடத்தில் தம்மசு. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'தெமுவாசேல்', அதாவது இளம்பெண். இருபுறமும் கைகள்போல் பிடி இருப்பதால் வந்த பெயர். நான் பார்த்த வேலையிடங்களில் அதைத் தூக்கிப் போட்டவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே பெண்கள்.

1950-களில் கிருஷ்ணகிரி அணை கட்டியபோதும், எழுபதுகளில் ஓசூர் சிப்காட் வந்தபோதும் இந்தப் பகுதியில் மலைமலையாக மண் புரண்டது. திறந்த வெளியில் ரோடு ரோலர் ஓடும். சுவரோரம், தூண் மூலை, குழாய்ப் பள்ளம், பாலச் சுவரை ஒட்டிய இடம் இங்கெல்லாம் அது நுழையாது. அங்கே திமிசுதான். பாலம் ஏறும் இடத்தில் பஸ் தூக்கிப் போட்டால், பெரும்பாலும் அந்த ஓரத்து மண் அமுங்கியிருக்கும்.

மண்ணை இறுக்க ஈரமும் அளவாக வேண்டும். காய்ந்த மண் ஒட்டாது, சேறு நழுவும். இதை 1933-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் சோதனை முறையாக வகுத்தார். நம் மேஸ்திரிகள் கையில் மண்ணை உருண்டை பிடித்துப் பார்ப்பார்கள்.

நான் பில் எழுதிய அலுவலகத்தில் இந்த உழைப்பெல்லாம் ஒரே வரி: "15 செ.மீ. அடுக்குகளாக மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்குதல்." அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் இருக்கும். எத்தனை அடி விழுந்தது என்பதற்குக் கட்டம் கிடையாது. ஒருமுறை நான் பாஸ் செய்த ஒரு கிடங்கின் தரை, முதல் மழைக்காலத்திலேயே சுவரோரமாக உள்வாங்கியது. உடைத்துப் பார்த்தால் மண்ணை அடுக்கடுக்காகப் போடாமல் மொத்தமாகக் கொட்டியிருந்தார்கள். என் பெருக்கல் கூட்டலில் ஒரு பைசா தப்பில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

1930-ல் ஜெர்மனியின் வாக்கர் நிறுவனம் மின்சார ராம்மரைக் கொண்டுவந்தது. இப்போது நம் ஊரில் பெட்ரோல் ராம்மர் வாடகைக்கே கிடைக்கிறது. முதுகு வலி குறைந்தது, நல்லதே. ஆனால் இயந்திரமும் மூலையை விட்டுவிட்டால் மூலை மூலைதான். தரை போட்டபின் அதை யாராலும் பார்க்க முடியாது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டைல்ஸ் பார்க்க நாலு கடை ஏறி இறங்குகிறீர்கள். மண் நிரப்பும் நாளில் ஒரு மணி நேரம் போய் அந்த மூலையில் நில்லுங்கள்.