ஒரே மழை, மூன்று ஆறுகள்

வரக்காப்பொலன்னா கொழும்பு-கண்டி வீதியும் தலகுலி கடைகளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். நாங்கள் இந்த ஊரைத் தண்ணீரின் வழியே வாசிக்க நினைக்கிறோம்.

கேகாலை மலைகளில் பெய்யும் மழை மூன்றாகப் பிரிகிறது. அரநாயக்கப் பக்கம் விழுவது மகா ஓயாவாகி, சுமார் 130 கி.மீ. ஓடி, கொச்சிக்கடைக்கு அருகே கடலில் சேர்கிறது. வரக்காப்பொலைக்குத் தெற்கே விழுவது அத்தனகலு ஓயாவாகி நீர்கொழும்புக் களப்புக்குப் போகிறது. புலத்கொஹுபிட்டியவில் விழுவதோ களனி கங்கைக்கு. நடுவில் இருப்பது சில மலைமுகடுகள்தான்.

இந்த ஆறுகளைப் பின்தொடர்ந்தே வரலாறும் வந்தது. கோப்பியை இறக்குவதற்காகப் போடப்பட்ட பாதையில், 1864 டிசம்பர் 27 அன்று இலங்கையின் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. பிறகு அந்தப் பாதை மகா ஓயாப் பள்ளத்தாக்கை ஒட்டியே மலையேறியது. 1869க்குப் பின் இலைநோய் கோப்பியை அழித்தது. 1876இல் அத்தனகலு ஓயாக் கரையில், ஹெனரத்கொட தோட்டத்தில் றப்பர் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரம் பின்னர் ஆற்றின் எதிர்த்திசையில் மேலேறி இந்தச் சரிவுகளை நிறைத்தது. பால்வெட்ட நம்ம ஆட்கள் வந்தார்கள். காடு போனது, லயம் வந்தது.

2016 மே 17. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. உடனடிக் காரணம் பெருமழைதான். ஆனா லயத்தை எந்தச் சரிவில் கட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் அதற்குள் வாழ்ந்தவர்கள் இல்லையே! அந்த மண்ணில் ஒரு துண்டுகூட அவர்கள் பேரில் இல்லாததால், பயந்தாலும் வேறிடம் போய் வீடு கட்ட வழியில்லை.

கீழேயும் நிம்மதி இல்லை. கட்டடங்களுக்காக மகா ஓயாவில் மணல் அள்ள அள்ள, படுகை தாழ்கிறது, கரை இடிகிறது. கடற்கரைக்குப் போகவேண்டிய மணலும் குறைகிறது. மலையில் செய்வதற்குக் கடற்கரையும் விலை கொடுக்கிறது.

எல்லைகளை மாவட்டமாக, மாகாணமாகத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். மழைக்கு அந்தக் கோடுகள் தெரியாது. உங்க லயத்துப் பீலியில விழுற தண்ணி எந்த ஆத்துக்குப் போகுதுன்னு பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. மேலே இருக்கிற சரிவு எப்ப, யாருக்காக வெட்டப்பட்டதுன்னும் சேர்த்தே கேளுங்க. அடுத்த மழைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அது.